சென்னையில் இருந்தபடியே நூறு வயது பேஸ்பால் கார்டு சேர்ப்பது எப்படி

சென்னையில் உட்கார்ந்துகொண்டு 1909-இல் நியூயார்க்கில் அச்சான பேஸ்பால் கார்டு (அமெரிக்க பேஸ்பால் வீரரின் படம் போட்ட சிறு அட்டை) வாங்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். பெரிய பெயரில்லாத ஒரு வீரரின் அசல் கார்டு, மூலை மழுங்கி, ஒரு மடிப்பும் விழுந்த நிலையில், சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். கோடிக்கணக்கில் விலைபோனதாகச் செய்தியில் வருவது ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு. 2021-இல் ஒன்று 66 லட்சம் டாலருக்கும், 2022-இல் இன்னொன்று 72.5 லட்சம் டாலருக்கும் கைமாறின. அந்தக் கணக்கை இப்போதே மறந்துவிடலாம். நமக்கு உள்ள சிக்கல் இரண்டு: போலியை ஒதுக்குவது, வாங்கியதை நம்ம ஊர் ஈரத்திலிருந்து காப்பது. கீழே வருவதில் பெரும்பகுதி இந்த இரண்டையும் பற்றித்தான்.

எதிலிருந்து தொடங்குவது

அந்தக் காலத்தில் கார்டு தனியாக விற்கப்படவில்லை. சிகரெட் பாக்கெட்டுக்குள்ளும் மிட்டாய்ப் பொட்டலத்துக்குள்ளும் இலவசமாக வந்தது. பாக்கெட் நசுங்காமல் காத்தது. அடுத்த பாக்கெட்டையும் வாங்க வைத்தது. பின்னாளில் ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் இவற்றையெல்லாம் வகைப்படுத்தி எழுத்தும் எண்ணும் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டுக்கு ‘டி’, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ‘என்’, ஆரம்பகால மிட்டாய்க் கார்டுக்கு ‘இ’, 1930-களின் சூயிங்கம் கார்டுக்கு ‘ஆர்’. விற்பனைப் பட்டியல்களில் இன்றும் இந்தக் குறியீடுதான் ஓடுகிறது. ஆகவே வீரர் பெயரோடு குறியீட்டையும் சேர்த்துத் தேடுங்கள். வெறும் பெயரைத் தேடினால் மறுபதிப்புக் குப்பைதான் வந்து விழும்.

தொடங்குவதற்கு டி206 வரிசைதான் சரி. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் தன் பல சிகரெட் பிராண்டுகளில் வைத்துக் கொடுத்தது. வழக்கமான கணக்கில் 524 கார்டுகள். வெள்ளை ஓரம், நடுவில் பல வண்ணக் கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படம், கீழே பழுப்பு மையில் வீரரின் பெயரும் ஊரும். அளவு ஏறக்குறைய 36.5 மி.மீ. அகலம், 66.7 மி.மீ. உயரம், தீப்பெட்டி அகலம், அதைவிட நீளம். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் புகையிலைச் சாம்ராஜ்யத்தைப் பல துண்டாக உடைக்க உத்தரவிட்டது. இந்த வரிசையும் அதே ஆண்டோடு நின்றது.

டி206-ஐப் பரிந்துரைக்கக் காரணம் அதன் அழகு மட்டுமல்ல. ஏராளமாக அச்சானதால் எந்த வாரமும் விற்பனைக்கு இருக்கும். இந்த அளவுக்கு அலசப்பட்ட பழைய கார்டு வரிசை வேறு இல்லை என்பதால் அசல் எப்படி இருக்கும், எந்தப் படம் எந்த முதுகோடு (பின்பக்க விளம்பரத்தோடு) வரும், எது வராது என்பதெல்லாம் பட்டியலாகவே கிடைக்கின்றன. அரிதான வரிசையில் இறங்குகிற புதியவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கவே ஆள் கிடைக்காது.

மற்றவை பிறகு. 1911-இன் டி205-க்குத் தங்க ஓரம். பார்க்க அழகு, ஆனால் தங்கப்பூச்சு ஓரத்தில் உதிரும், உதிர்ந்த இடத்தில் பெயின்ட் தடவி விற்பதும் வாடிக்கை. 1912-இன் டி207 பழுப்புப் பின்னணி கொண்டது, பார்வைக்குச் சோகமானது, சில வீரர்கள் மிக அரிது. 1914, 1915-இன் கிராக்கர் ஜாக் கார்டுகள் (இ145) சிவப்புப் பின்னணியில் கண்ணைப் பறிக்கும். 1914-இல் கார்டு சர்க்கரைப்பாகு பூசிய பொரியோடு ஒரே பெட்டியில் கிடந்ததால் பெரும்பாலானவற்றில் பாகுக்கறை இருக்கும். 1915-இல் முழு வரிசையையும் தபாலில் வரவழைக்க வழி இருந்ததால் சுத்தமானவை கூடுதலாகக் கிடைக்கின்றன. இரண்டு ஆண்டையும் பிரித்தறிய கார்டைப் புரட்டுங்கள். 1915-இன் பின்பக்க எழுத்து தலைகீழாக நிற்கும். 1933-இன் கௌடி சூயிங்கம் வரிசையில் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு கார்டுகள். ஆசை வரும், பணம் கரையும், ஒத்திப்போடுங்கள்.

டி206-இலும் 524-ஐயும் சேர்ப்பேன் என்று கிளம்ப வேண்டாம். வாக்னர், எடி பிளாங்க் ஆகிய இரண்டு வீரர்களின் கார்டும் எட்டாது, அது தெரிந்தே தொடங்குவது வீண் ஏக்கம். ஒரே ஊர் அணியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே வீரரின் எல்லாப் படங்களையும் எடுக்கலாம்: டை காப்புக்கு நான்கு, சை யங்குக்கும் கிறிஸ்டி மேத்யூசனுக்கும் மும்மூன்று. ஆனால் இவர்கள் பெரிய நட்சத்திரங்கள். காப் என்றால் கிழிந்து கசங்கிய கார்டே ஆயிரம் டாலரைத் தாண்டும். குறைந்த செலவில் நிறையக் கற்றுத் தருவது முதுகு வரிசை. அதாவது வீரர் யாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு சிகரெட் பிராண்டின் விளம்பரம் பின்னால் உள்ள கார்டிலும் ஒன்று.

முதுகைப் படிப்பது

டி206-இன் பின்பக்கத்தில் மூன்று தகவல்கள் இருக்கலாம்: பிராண்டின் பெயர், 150, 350, 460 ஆகியவற்றில் ஒரு தொடர் எண், சிகரெட் செய்த ஆலையின் எண்ணும் வரி மாவட்டமும். உதாரணமாக பீட்மான்ட் முதுகில் பெரும்பாலும் ஆலை எண் 25, வர்ஜீனியாவின் இரண்டாம் மாவட்டம் என்றிருக்கும். ஸ்வீட் காப்போரலில் அதிகம் காண்பது ஆலை எண் 30, நியூயார்க்கின் இரண்டாம் மாவட்டம். எல்லா முதுகிலும் மூன்றும் இருக்காது.

மொத்தம் 16 பிராண்டுகள். பீட்மான்ட், ஸ்வீட் காப்போரல் இரண்டும் தெருவுக்குத் தெரு கிடைக்கும் ரகம்; முதல் ஐந்தாறு கார்டுகளை இவற்றிலேயே வாங்குங்கள், காகிதமும் மையும் கண்ணுக்குப் பழகும். ஓல்ட் மில், சாவரின், போலார் பேர், டால்ஸ்டாய், சைக்கிள், அமெரிக்கன் பியூட்டி, எல் பிரின்சிப்பே டி கேல்ஸ் ஆகியவை கொஞ்சம் பொறுத்தால் அகப்படும். கரோலினா பிரைட்ஸ், பிராட் லீஃப், டிரம், லெனாக்ஸ், யூசிட் ஆகியவற்றுக்கு அதே வீரர், அதே நிலை என்றாலும் விலை பல மடங்கு. டை காப் பெயரிலேயே ஒரு புகையிலை இருந்தது. அந்த முதுகு கனவோடு சரி. பதினாறாவது ‘ஹிந்து’. ஆமாம், அந்தப் பெயரில் அமெரிக்காவில் ஒரு சிகரெட் விற்றது. அதன் பழுப்பு மை முதுகு முயன்றால் கிடைக்கும், சிவப்பு மை முதுகு கடினம். சென்னைச் சேகரிப்பாளர்கள் முதலில் குறிவைப்பது இதைத்தான் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிராண்டை அறிவதால் இன்னொரு பயனும் உண்டு. போலார் பேர், பாக்கெட்டில் அடுக்கிய சிகரெட் அல்ல. பையில் வந்த உதிரிப் புகையிலை. கார்டு அதற்குள்ளேயே கிடந்ததால் பழுப்புக் கறை படிந்திருப்பது சகஜம். போலார் பேர் கார்டில் புகையிலைக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம்; பளிச்சென்று இருந்தால்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும். அமெரிக்கன் பியூட்டி பாக்கெட் ஒல்லி என்பதால் அதன் கார்டும் அகலத்தில் மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவு. இது தெரியாமல் ‘ஓரம் வெட்டப்பட்டது’ என்று நல்ல கார்டை ஒதுக்குவோரும் உண்டு.

முதுகுக்கும் முகத்துக்கும் உள்ள பொருத்தம் போலியைப் பிடிக்கும் முதல் வலை. ஷெர்ரி மகீ என்ற வீரரின் பெயர் தொடக்கத்தில் ஓர் எழுத்து மாறி ‘மகி’ என்று பிழையாக அச்சானது, பிறகு திருத்தினார்கள். பிழையான கார்டு பீட்மான்ட் 150 முதுகோடு மட்டுமே வரும். வேறு முதுகோடு ஒருவர் விற்றால் அடுத்த கேள்வியே தேவையில்லை.

போலியை ஒதுக்குவது

இங்கே பழைய சாமான் கடையிலோ பழைய புத்தகக் கடையிலோ 1909 பேஸ்பால் கார்டு தென்பட்டால் அது மறுபதிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த சிகரெட்டுகள் மெட்ராஸில் விற்பனையில் இல்லை. கார்டு இங்கே தானாக வந்து சேர வழியில்லை. பழைய இங்கிலாந்து கிரிக்கெட் சிகரெட் கார்டு என்றால் கதை வேறு, அவை வீட்டுப் பெட்டிகளில் கிடந்து எடுக்கப்படுவதுண்டு.

போலி மூன்று வகை. முதலாவது, நேர்மையாக வெளியான மறுபதிப்பு. பின்னால் ‘மறுபதிப்பு’ என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். யாராவது அதைச் சுரண்டி அழித்திருப்பார்கள். சுரண்டிய இடம் மெலிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தனியாகத் தெரியும். டாப்ஸ் நிறுவனம் 2002 முதல் ‘டாப்ஸ் 206’ என்று இதே பாணியில் புதிய கார்டுகளையும் வெளியிட்டிருக்கிறது. விவரம் தெரியாத விற்பனையாளர் அதையும் பழையது என்பார். இரண்டாவது, ஏமாற்றவே செய்தது: தேயிலை நீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, நான்கு மூலையையும் தேய்த்தது. மூன்றாவதுதான் ஆபத்து. கார்டு அசல், ஆனால் ஓரம் வெட்டியோ, மூலைக்குக் காகிதக்கூழ் வைத்தோ, நிறம் தடவியோ, வெளுத்தோ தரத்தை உயர்த்தியிருப்பார்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி). சவுகார்பேட்டைப் பக்கம் நகைத்தொழில் கருவி விற்கும் கடைகளில் கேளுங்கள். 365 நானோமீட்டர் புறஊதா டார்ச், டிஜிட்டல் கேலிப்பர் (கவ்வி அளக்கும் அளவுகருவி) இரண்டுக்கும் ரிச்சி தெருவோ ஆன்லைனோ. 395 நானோமீட்டர் டார்ச் மலிவு, ஆனால் அதிலிருந்து ஊதா வெளிச்சமே நிறைய வந்து வித்தியாசத்தை மறைக்கும். கையுறை வேண்டாம், பருத்தி நூல் மூலையில் மாட்டும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்ந்த கை போதும். கிரீம், எண்ணெய் கூடாது.

பார்க்கும் வரிசை இது:

1. லூப்பில் முதலில் பெயர் எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே பழுப்பு மையில் நிறைவாக நிற்கும். எழுத்தின் உள்ளே பல வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது படமெடுத்து மறு அச்சு செய்தது. சோதனை இங்கேயே முடிந்துவிடும்.

2. படத்துக்குப் போங்கள். கல்லச்சிலும் புள்ளிகள் உண்டு, ஆனால் ஒழுங்கற்றவை. நிறத்தின் மேல் நிறம் திட்டாக விழுந்திருக்கும், சில இடங்களில் நிறம் கோட்டுக்கு வெளியே வழிந்திருக்கும். நவீன ஆஃப்செட்டில் நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜா வட்டங்களாக, ஒரே சீராக அடுக்கியிருக்கும். இங்க்ஜெட்டில் மை தெறித்த மாதிரி தெரியும்.

3. இருட்டறையில் புறஊதா வெளிச்சம் அடியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்களில் வெண்மையூட்டி கலப்பது பரவியதால் அவை நீலவெள்ளையாக ஒளிரும். பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும். பக்கத்தில் சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றை வைத்தால் வித்தியாசம் தெளிவாகும். அசல் கார்டில் ஒரு மூலை மட்டும் வேறு நிறத்தில் மினுங்கினால் அங்கே ஒட்டுவேலை நடந்திருக்கிறது. ஒளிராததால் மட்டும் அசலாகிவிடாது; பழைய காகிதத்திலேயே அச்சிடும் கில்லாடிகளும் உண்டு.

4. கேலிப்பரால் நான்கு பக்கத்தையும் அளந்து பாருங்கள். கேலிப்பர் தாடை மூலையை நசுக்கும். உறையில் வைத்தே அளப்பது நல்லது. அந்தக் காலத்து வெட்டு துல்லியமானதல்ல, அளவு சற்று இப்படி அப்படி இருக்கும். கவனிக்க வேண்டியது ஓரத்தின் வயது. முகம் நூறு வருடம் தேய்ந்திருக்க, ஒரு ஓரம் மட்டும் நேற்று பிளேடு பட்டது போல் கூர்மையாக, வெளுப்பாக இருந்தால் வெட்டியிருக்கிறார்கள்.

5. தேய்மானத்தின் ஒழுங்கைப் பாருங்கள். இயற்கையாகத் தேய்ந்த கார்டில் நான்கு மூலையும் நான்கு விதம். நான்கும் ஒரே வளைவாக இருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கையில் கார்டு இருந்தால். சென்னையிலிருந்து வாங்குபவர் கையில் இருப்பது இரண்டு படங்கள் மட்டுமே. அதனால்தான் அடுத்த பகுதி.

தரச்சான்றுப் பெட்டி

கார்டைச் சோதித்து, 1 முதல் 10 வரை தரமிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிக் கொடுக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. பழைய கார்டுக்குப் பரவலாக ஏற்கப்படுபவை பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட். அந்தப் பெட்டியைத்தான் ஸ்லாப் என்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றின் ஸ்லாபில் இல்லாத கார்டை முதல் ஓராண்டு வாங்கவே வேண்டாம். வேறு ஏதேதோ மூன்றெழுத்துப் பெயர்களில் ஸ்லாப் வரும். மறுபதிப்பைப் பெட்டியில் போட்டு எண் ஒட்டியதாகவே அவற்றைப் பாருங்கள்.

‘இங்கேயிருந்து அனுப்பித் தரம் வாங்கிக்கொள்ளலாமே’ என்று தோன்றும். வேண்டாம். அனுப்பும்போது ஏற்றுமதி, திரும்பும்போது இறக்குமதி என இரட்டை வேலை. போதாததற்கு நூறு வயதைக் கடந்த பல பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடும். நாட்டைவிட்டு வெளியே போகிற பார்சலில் அது கேள்வியாக எழலாம். அங்கேயே தரமிட்டதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

எந்தத் தரம்? 1, 1.5, 2. அவ்வளவுதான். 5-க்கும் 2-க்கும் விலை பல மடங்கு வேறுபடும், பார்க்கும் மகிழ்ச்சி அவ்வளவு வேறுபடாது. அதிலும் ஒரே ‘1’ பல காரணத்தால் வரும். முகம் தெளிவாக இருந்து, பின்பக்கம் ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்ததால் காகிதம் உரிந்து போன கார்டும் 1. முகத்தின் குறுக்கே மடிப்பு ஓடிய கார்டும் 1. முகத்துக்காகச் சேர்ப்பவருக்கு முன்னது லாபம். முதுகு வரிசை சேர்ப்பவருக்கு அது உதவாது, பிராண்ட் எழுத்தே போயிருக்கும். எண்ணை வாங்காதீர்கள், படத்தை வாங்குங்கள். எண்ணுக்குப் பதில் ‘அசல்’ என்று மட்டும் எழுதிய ஸ்லாபும் உண்டு. கார்டு நிஜம், ஆனால் வெட்டியோ திருத்தியோ இருக்கிறது என்று பொருள். விலை குறைவு. தெரிந்து வாங்கினால் தப்பில்லை, விற்கும்போது அதே தள்ளுபடியை நீங்களும் கொடுக்க வேண்டும்.

ஸ்லாபையும் போலி செய்கிறார்கள். லேபிளில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வீரர், முதுகு, தரம் மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். நிஜ எண்ணைத் திருடிப் போலி லேபிள் அடிப்பதால் எண் ஒத்தால் மட்டும் போதாது. தளத்தில் அந்தக் கார்டின் படம் இருந்தால் கறையின் இடம், மூலையின் வளைவு, ஓர வெள்ளையின் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை விற்பனையாளர் படத்தோடு ஒப்பிடுங்கள். நூறு வருடக் கார்டில் கைரேகை போல இரண்டு ஒன்றாக இராது.

வாங்குவதும் ஊர் வந்து சேர்வதும்

ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டி, கடந்த மூன்று மாத விலையைக் குறித்துக்கொண்டு, அதன்பிறகு உங்கள் உச்சவரம்பை முடிவுசெய்யுங்கள். கேட்கும் விலைக்கு மதிப்பில்லை. விற்ற விலைதான் விலை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 9 மணிக்கு முடியும் ஏலம் நமக்குக் கோடையில் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. காபி குடித்துக்கொண்டே கடைசி நிமிடத்தில் கேட்கலாம். ஏல நிறுவனங்களில் வாங்கினால் கேட்ட தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவில். அதைச் சேர்க்காமல் ஏலம் கேட்பதுதான் புதியவர்கள் பட்ஜெட்டைத் தாண்டுவதற்கு முதல் காரணம். வங்கி அட்டையில் வெளிநாட்டுச் செலாவணிக் கட்டணம் தனி.

பார்சலாக நேராக வரவழைத்தால் கார்டின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்கவரி போடுவார்கள். விகிதம் அவ்வப்போது மாறும், வாங்குமுன் அந்த மாதத்து நிலவரத்தைக் கூரியரிடம் கேளுங்கள். விற்பனையாளரிடம் ‘பரிசு என்று எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்கவே கூடாது. தபால், கூரியர் வழியே பரிசாகப் பொருள் வருவதற்கு, ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர, 2019 டிசம்பரில் தடை வந்தது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் அதே அளவு முட்டாள்தனம். பார்சல் தொலைந்தால் எழுதிய தொகைக்குத்தான் இழப்பீடு. பில்லில் ‘பழைய அச்சிட்ட சேகரிப்பு அட்டை’ என்ற பொருளில் தெளிவான விவரம், ஆண்டு, விலை இருக்கட்டும். ‘விளையாட்டு அட்டை’ என்று மொட்டையாக எழுதினால் சீட்டுக்கட்டாக எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

நியூஜெர்சியிலோ டெக்சஸிலோ சித்தப்பாவோ அக்காவோ இல்லாத சென்னைக் குடும்பம் குறைவு. ஆறு மாதத்துக்கு வாங்குவதை அவர்கள் முகவரியில் சேர்த்து, ஊருக்கு வருகிறவர் கைப்பையில் எடுத்து வரச் சொல்லலாம். ஸ்லாபைச் சரக்குப் பெட்டியில் போட வேண்டாம், விழுந்தால் மூலை உடையும். பில்களின் நகல் உடன் வரட்டும். பயணிக்கான வரியில்லா வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவதே நிம்மதி.

பார்சல் வந்தால் உடனே பிரிக்காதீர்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வந்த ஸ்லாபைச் சென்னை மதிய வெப்பத்தில் திறந்தால் மேலே நீர் பூக்கும். உறையோடு நாலைந்து மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள்.

நம்ம ஊர் ஈரம்

காகிதத்துக்கு நல்லது 40 முதல் 50 சதவீத ஈரப்பதம். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி 70-க்கு மேல்; ஐப்பசி, கார்த்திகையில் 90-ஐத் தொடும் நாட்களும் உண்டு. 65-ஐத் தாண்டியே பல நாள் நீடித்தால் பூஞ்சை வரும். ஸ்லாப் காற்றுப்புகாத பெட்டி அல்ல, தண்ணீர்புகாததும் அல்ல. மெதுவாக ஈரம் உள்ளே போகும், மெதுவாகவே வெளியே வரும். ‘ஸ்லாபில் இருக்கிறதே’ என்று அலட்சியம் காட்டிய பிறகுதான் பழுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கும்.

செலவு குறைந்த ஏற்பாடு: ரப்பர் விளிம்புள்ள, நாலு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா, ஐந்து லிட்டர் அளவு. உள்ளே சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 50 முதல் 100 கிராம், காகிதப் பையிலோ மெல்லிய துணியிலோ கட்டி, கார்டைத் தொடாத மூலையில். நீல நிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. ஈரமானி 50-ஐத் தாண்டும்போது ஜெல்லை எடுத்து 120 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சூடாக்கி, மூடிய பாட்டிலில் ஆறவைத்துத் திரும்ப வைக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தும் அவனில் இதைச் செய்யாதீர்கள்.

ஜெல்லை அள்ளிக் கொட்டுவதும் தவறு. 35-க்குக் கீழே போனால் உறையில் உள்ள தனிக் கார்டு வில்லாக வளையும். அப்படி ஆனால் பாதி ஜெல்லை எடுத்துவிடுங்கள்.

மலிவான ஈரமானிகள் பத்துப் புள்ளிவரை பொய் சொல்லும். சோதிப்பது சுலபம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு முழுதாகக் கரையக் கூடாது. மூடியையும் ஈரமானியையும் ஒரே ஜிப் பையில் போட்டு அடைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் கருவி 6 குறைத்துச் சொல்கிறது. அதைப் பெட்டிமேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

டப்பாவை எங்கே வைப்பது? வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வேண்டாம், மழையில் சுவர் ஊறும். சமையலறை, குளியலறைச் சுவருக்கு மறுபக்கமும் வேண்டாம். பரண் கோடையில் அடுப்பு. வீட்டின் நடு அறையில், உள்சுவர்ப் பக்கம், இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு ஸ்டீல் அலமாரித் தட்டு சரியான இடம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்து இன்னும் மேலே வைக்கலாம். இரவு மட்டும் ஏசி ஓடும் அறை நல்லதென்று நினைப்பார்கள். தினமும் குளிர்ந்து சூடாகும் அறையைவிட ஏசியே இல்லாத, வெப்பம் அதிகம் மாறாத அறை மேல்.

பூச்சிக்கு பாச்சை உருண்டையோ கற்பூரமோ டப்பாவுக்குள் போடாதீர்கள். ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், நாற்றம் காகிதத்தை விட்டுப் போகாது. வேப்பிலை, வசம்பு அலமாரித் தட்டில் இருக்கலாம், கார்டு பக்கத்தில் கூடாது. இறுக்கமாக மூடிய டப்பாவே புத்தகப் பூச்சிக்கும் கறையானுக்கும் போதுமான தடுப்பு. மாதம் ஒருமுறை அலமாரியின் பின்பக்கத்தை மட்டும் பாருங்கள், கறையான் மண்கோடு அங்கேதான் முதலில் ஏறும்.

ஸ்லாபில் இல்லாத கார்டை வாங்கும் நிலைக்கு வந்த பிறகு உறை முக்கியம். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை மட்டும். புது ரெயின்கோட் வாடை அடிக்கும் பி.வி.சி. உறையும், ஒட்டும் பக்கமுள்ள கல்யாண ஆல்பமும் மெல்ல மெல்ல மையைத் தின்றுவிடும். இன்றைய கார்டுக்கான உறை டி206-க்குப் பெரிது. உள்ளே கார்டு ஆடி மூலை இடிபடும். புகையிலைக் கார்டு அளவு என்று கேட்டு வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் தபால்தலைக்காரர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் உறைத்தாளை அளவாக வெட்டிக்கொள்ளலாம். அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்துத் தபால்தலைப் பிரிவுக்கு வந்துபோகும் சேகரிப்பாளர்களைக் கேட்டால் எங்கே வாங்குவதென்று சொல்வார்கள். காகிதம் காப்பதில் இந்த ஊரில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் பெரிது.

சுவரில் மாட்ட ஆசையிருந்தால் கார்டை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து அச்சிட்டு மாட்டுங்கள். வெயிலும் எல்.ஈ.டி.யும் மங்கவைப்பது நகலாகவே இருக்கட்டும்.

நனைந்துவிட்டால்

உறையிலிருந்து தானாக வழுக்கி வந்தால் மட்டுமே கார்டை எடுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், உறையை இரண்டு ஓரத்தில் வெட்டித் திறங்கள். வெள்ளை பிளாட்டிங் பேப்பர் (ஈரம் உறிஞ்சும் தாள்) மேல் முகம் மேலாகக் கிடத்தி, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் நிழலில் உலர்த்துங்கள். தாளை அரை மணிக்கொருமுறை மாற்றுங்கள். ஹேர்டிரையர், இஸ்திரிப் பெட்டி, வெயில் மூன்றும் கார்டை முறுக்கும். தொட்டால் ஈரம் தெரியாத நிலையில், இரண்டு பிளாட்டிங் தாளுக்கு நடுவே வைத்து ஒரு கனமான புத்தகத்தின் கீழ் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வீடே வெள்ளத்தில் இருக்கிறது, உலர்த்த நேரமில்லை என்றால் ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும், உறைநிலையில் அது வளராது. ஸ்லாபுக்குள் தண்ணீர் போயிருந்தால் திறக்காமல் முதலில் படமும் லேபிளும் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு, பிறகு பக்கவாட்டுத் தையலில் மெல்ல நெம்பித் திறங்கள். உடைந்த ஸ்லாபின் லேபிளைத் தூக்கிப் போட வேண்டாம், மறுபடி தரமிட அனுப்பும்போது பயன்படும்.

கணக்கு

ஒரு கார்டுக்கு ஒரு வரி: வீரர், படவகை, முதுகின் பிராண்டும் தொடர் எண்ணும் ஆலை எண்ணும், சான்று நிறுவனம், சான்று எண், வாங்கிய தேதி, டாலர் விலை, ரூபாயில் மொத்தச் செலவு. கடைசிக் கட்டத்தில் சுங்கம், கூரியர், செலாவணிக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். இல்லையென்றால் விற்கும்போது நஷ்டத்தை லாபமென்று நினைத்துக்கொள்வீர்கள். இருபக்க ஸ்கேனையும் பில்லையும் வீட்டுக்கு வெளியே ஒரு இணையச் சேமிப்பில் வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருளுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெட்டியின் மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி, இது என்ன, யாரிடம் விலை கேட்க வேண்டும், எந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதிவையுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அது பழைய சிகரெட் அட்டை, போகிப் பண்டிகைக்கு முதல் நாள் எல்லா அலமாரியும் காலியாகும்.